கடலோர நகரத்தில் கட்டுப்படியான வாடகைக்கு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர நகரம் ஒன்றில் 11 ஆண்டுகளில் 5 வீடு மாறியவன் நான். அவற்றில் இரண்டை நானாக விரும்பிக் காலி செய்தேன். மற்ற மூன்றையும் உப்பும் ஈரமும் தண்ணீரும்தான் காலி செய்ய வைத்தன. வேலைக்காகவோ படிப்புக்காகவோ இப்படி ஒரு நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த ஊர்க் கடற்கரைக்கும் பொருந்துகிற விஷயங்கள்தான் இவை. சட்டம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அதை நீங்கள் போகிற ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலோர நகரங்களில் வாடகை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது?

பாதி நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டது என்பதுதான் முதல் காரணம். உள்நாட்டு நகரம் எட்டுத் திசையிலும் விரியும். கடலோர நகரத்துக்கு அரை வட்டம்தான். மையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்நாட்டு நகரத்துக்குச் சுமார் 314 சதுர கிலோமீட்டர் கிடைக்குமென்றால், கடலோர நகரத்துக்கு அதில் பாதி, 157. அதே அளவு நிலம் வேண்டுமென்றால் 14 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். கழிமுகம், சதுப்பு, துறைமுகம் ஆகியவற்றைக் கழித்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டுப்படியாகிற வீடு எப்போதும் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இருப்பதன் ரகசியம் இந்த வடிவக் கணக்கில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் சுற்றுலா. குடித்தனக்காரர் ஒரு மாதத்துக்குத் தருவதை, சீசனில் வந்து போகிறவர் சில நாட்களுக்கே தந்துவிடுவார். அப்படியிருக்க, வீட்டுக்காரர் யாருக்கு விடுவார்? பல நகரங்கள் இப்போது இதில் தலையிடுகின்றன. 30 நாட்களுக்குக் குறைந்த வாடகைகளுக்குப் பதிவு கட்டாயம் என்ற விதியை நியூயார்க் 2023 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுற்றுலாக் குடியிருப்புகளுக்குக் கொடுத்த பத்தாயிரத்துச் சொச்சம் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துக்கொள்ளப் போவதாக பார்சிலோனா நகரசபை 2024இல் அறிவித்தது. நீங்கள் போகிற ஊரில் இப்படி விதி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சுற்றுலாவுக்கு விட்டிருந்த வீடுகளில் சில நீண்டகால வாடகைக்குத் திரும்பும்.

சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகலாம்? 30 சதவீதம் என்கிறார்களே?

அந்த 30 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1969இல் ஒரு வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அரசு தன் செலவைப் பார்த்துப் போட்ட எண் அது. உங்கள் கடனையோ, ஊருக்கு அனுப்பும் பணத்தையோ பார்த்துப் போட்டதல்ல.

நான் வாடகையை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து ஐந்தையும் கூட்டி, வருவதைத்தான் அந்த வீட்டின் விலையாக எடுத்துக்கொள்கிறேன். கடலோரத்தில் மின்சாரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வெயிலைத் தாங்கிவிடலாம்; புழுக்கத்தைத் தாங்க முடியாமல்தான் ஏசி ஓடும். வாடகை குறைவு என்று நான் குடியேறிய ஒரு வீட்டில், மின்கட்டணமும் பயணச் செலவும் சேர்ந்து அந்தக் குறைவு முழுவதையும் நான்கே மாதத்தில் விழுங்கிவிட்டன.

நகரத்தின் எந்தப் பகுதியில் தேடுவது?

கரையையொட்டிய முதல் தெருவை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது தெருக்களில் வாடகை கொஞ்சம் இறங்கும், ஆனால் உப்பு அந்த அளவுக்கு இறங்காது. அலை உடையும்போது காற்றில் ஏறும் உப்புத் துளிகளில் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். காற்று பலமாக வீசும் கரைகளில் இன்னும் உள்ளே வரும். ஆகவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வாடகையும் உப்பும் சேர்ந்தே குறையும். அங்கிருந்து ரயிலோ பேருந்தோ நடக்கும் தூரத்தில் இருந்தால் வேறென்ன வேண்டும்?

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வேறு, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது வேறு. உப்பங்கழியையோ தூர்த்த ஏரியையோ ஒட்டிய பகுதி கடலிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கடற்கரை மணல்மேட்டைவிடத் தாழ்வாக இருக்கும். நகரின் உள்பகுதியில் ஒரு வட்டாரம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கண்டபடி மலிவாக இருந்தால், முதலில் நிலத்தின் உயரத்தைப் பாருங்கள்.

இன்னொரு வழி, ஒரே கட்டடத்தில் கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்து வீட்டைக் கேட்பது. லிஃப்டும் காவலாளியும் மொட்டைமாடியும் பொதுதான். சன்னலில் கடல் தெரியாது, அவ்வளவுதான்.

வருடத்தில் எந்தச் சமயம் தேடினால் மலிவாகக் கிடைக்கும்?

சுற்றுலாக் கூட்டம் வடிந்த பிறகு. காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்குப் பார்க்கிற நேரம் அது. மழைக்காலம் என்றால் இன்னும் நல்லது. வெயிலில் பார்த்தால் எல்லா வீடும் அழகுதான். மூன்று நாள் மழைக்குப் பிறகு பார்த்தால்தான் ஒழுகுவது எது, தண்ணீர் நிற்பது எது என்று தெரியும்.

சீசன் இல்லாதபோது மலிவாகக் கிடைக்கும் வீடுகளில் ஒப்பந்தக் காலத்தைக் கவனியுங்கள். 8 மாதம், 9 மாதம் என்று இருந்தால், அடுத்த சீசன் தொடங்கும்போது உங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பயணிகளுக்கு விடப்போகிறார்கள் என்று அர்த்தம். படிப்புக்கு வந்தவருக்கு அது ஒருவேளை ஒத்துவரும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவருக்கு ஒத்துவராது.

வீடு பார்க்கப் போகும்போது கடலோரத்துக்கென்று தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

இரும்பைப் பாருங்கள். சுவருக்கு நேற்றுப் பெயிண்ட் அடித்திருக்கலாம். சன்னல் கீல், தாழ்ப்பாள், பால்கனி கைப்பிடிக் கம்பி, குளியலறைக் குழாயின் கழுத்து, இத்தனைக்கும் யாரும் பெயிண்ட் அடித்து மறைக்க மாட்டார்கள். எல்லா சன்னல்களையும் நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். “அது கொஞ்சம் டைட்டா இருக்கும்” என்று தரகர் சொன்னால், துருப்பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். முக்கியமாக பால்கனியின் அடிப்புறம், குளியலறை, படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு மெல்ல ஊறி உள்ளே போய் அந்தக் காப்பை உடைக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். துருவுக்குக் கம்பியைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. முதலில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் தெரியும். பிறகு பழுப்பு நிறக் கறை. பிறகு கம்பியே வெளியே தெரியும். பூச்சில் மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விரிசல்களுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். நேர்கோட்டு விரிசலும் துருக்கறையும் சேர்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு மூலையில் என்றால் பேசிச் சரிசெய்யச் சொல்லலாம். தூணிலும் உத்தரத்திலும் என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டியது. நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டு, கீழே கான்கிரீட் சேதமாகியிருப்பதை 2018லேயே ஒரு பொறியாளர் அறிக்கை சொல்லியிருந்தது. உப்பு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வடிவமைப்புக் குறைகளும் விசாரணையில் பேசப்பட்டன. ஆனால் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடும் கட்டடத்தை அடையாளம் காண வாடகைக்குப் போகிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது. கடைசியாக எப்போது பெரிய பழுது பார்த்தீர்கள் என்று குடியிருப்போர் சங்கத்திடம் கேளுங்கள். வருடத்தைச் சொன்னால் நல்லது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றால் நல்லதல்ல.

ஏசி இருக்கும் வீடு என்றால், வெளியே மாட்டியிருக்கும் பெட்டியைப் போய்ப் பாருங்கள். உப்புக்கு முதலில் பலியாவது அதுதான். தகடுகள் பொடிந்து உதிர்ந்தால் ஆயுள் முடிந்தது. மாற்ற வேண்டி வந்தால் யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் உங்கள் செலவு.

சுவரில் கறுப்புப் புள்ளிகள். துடைத்தால் போய்விடும் என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?

துடைத்தால் போகும். அடுத்த மாதம் வந்துவிடும். பூசணம் நிற்பது ஈரத்தால். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. சுவரின் அடியிலிருந்து ஓர் அடி உயரம் வரை பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலிருந்து வட்ட வட்டமாகக் கறை இறங்கினால் மாடியிலோ குழாயிலோ கசிவு. இரண்டும் கட்டடக் கோளாறு. குடியிருப்பவரால் தீர்க்க முடியாது. அலமாரிக்குப் பின்னாலும் குளியலறை மூலையிலும் மட்டும் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, அதைச் சமாளிக்கலாம்.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் திணறும். நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். கடலோரத்தில் சன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் போய்விடும் என்று நினைப்பது பாதிதான் உண்மை. வெளிக்காற்றே வீட்டுக்குள் இருப்பதைவிட ஈரமாக இருக்கும் நாட்கள் நிறைய. சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்றும் மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால், அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள்.

வெள்ளம் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கேட்காதீர்கள். தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சரக்கை எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறார் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மின்மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டியிருக்கிறார்களா, வாசலில் இரண்டு படி புதிதாகக் கட்டியிருக்கிறார்களா, பக்கத்துச் சுவர்களில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் அரசே வெள்ள அபாய வரைபடம் வெளியிடுகிறது. அதையும் பாருங்கள், ஆனால் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

மழை இல்லாமலும் தண்ணீர் வரும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்நீர் மட்டம், அதிகம் ஏறும். தாழ்வான பகுதியில் மழைநீர் வடிகால் கடலில் போய் முடிந்தால், அந்த நாட்களில் கடல்நீர் அதே குழாய் வழியாகத் திரும்பித் தெருவுக்கு வரும். உலக அளவில் சராசரிக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்க ஒரு சாண்கூடத் தேறாது. ஆனால் வடிகாலின் வாய் கடலைவிட ஒரு சாண் மேலே இருந்த தெருவுக்கு அதுவே எல்லாம். முடிந்தால் பௌர்ணமியன்று ஓதம் ஏறும் நேரத்தில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

“நான் மூணாவது மாடி, எனக்கென்ன” என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். மோட்டார், மின்பலகை, ஜெனரேட்டர், லிஃப்டின் குழி எல்லாம் தரைத்தளத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தன. வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குழாயிலும் ஒரு சொட்டு வரவில்லை, ஆறு நாட்களுக்கு. இப்போதெல்லாம் வீட்டைப் பார்க்கும் முன் மோட்டார் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

எந்த மாடி நல்லது?

நடுவில் உள்ளவை. தரைத்தளத்தில் தண்ணீர், உச்சித் தளத்தில் வெயிலும் ஒழுகலும்.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. பழகிவிடுமா?

நாக்குக்குப் பழகலாம், வாட்டர் ஹீட்டருக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் பழகாது. கடலோரத்தில் நன்னீர் மண்ணுக்கடியில் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்புநீரின் எல்லை சுமார் 40 மீட்டர் ஏறலாம் என்பது நீரியலில் பழைய கணக்கு. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகளில் உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறுவது இதனால்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குடிக்க நன்றாக இருக்கும். 1000க்கு மேல் போகப் போகக் குடிக்க முடியாது. கடல்நீரில் சுமார் 35,000. நூறு லிட்டரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே 700 கூடிவிடும். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை இந்த மீட்டர் சொல்லாது. பொதுக் குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, லாரியில் வாங்குகிறார்களா என்று கேட்டு, வாங்குவதென்றால் அந்தச் செலவையும் நான் மேலே சொன்ன கூட்டலில் சேருங்கள்.

இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு ஒரு வீடு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வருமாம்.

வராது.

விடுமுறை வாடகைத் தளங்களிலிருந்து படங்களை எடுத்து இப்படிப் போடுவது கடலோர நகரங்களில் வாடிக்கை. அந்தப் படங்களைப் பட வழித் தேடலில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேறு பெயரில், வேறு ஊரில் அதே வீடு கிடைக்கும். நேரில் போக முடியாவிட்டால் காணொளி அழைப்பில் வாசல் கதவிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்தான் வீட்டுக்காரர் என்பதற்குச் சொத்துவரி ரசீதோ மின்கட்டண ரசீதோ கேட்பதில் தவறே இல்லை. கோபித்துக்கொண்டால் நல்லதாகப் போயிற்று.

முன்பணம் எவ்வளவு கேட்கலாம்? திரும்பி வருமா?

எவ்வளவு என்பதைச் சட்டம் பல இடங்களில் வரையறுத்திருக்கிறது. ஜெர்மனியில் அதிகபட்சம் 3 மாத அடிப்படை வாடகை, அதையும் 3 தவணையாகக் கட்ட உரிமை உண்டு. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகை. அதை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் பாதுகாப்பாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதம் என்கிறது. ஆனால் மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் செல்லும்.

திரும்பி வருமா என்பது நீங்கள் குடியேறும் நாளில் தீர்மானமாகிறது. ஒப்பந்தத்தில் “இயல்பான தேய்மானம் நீங்கலாக” என்ற சொற்கள் இருக்க வேண்டும். அதோடு உப்பாலும் ஈரப்பதத்தாலும் வரும் துரு, பெயிண்ட் உரிதல், பூசணம் ஆகியவை இயல்பான தேய்மானமே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வீட்டில் அந்த வரி இல்லாததால், கடல் தின்ற பால்கனிக் கம்பிக்கு நான் காசு கட்டினேன்.

வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேளுங்கள். வெறுமனே குறையுங்கள் என்று கேட்டால் குறையாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கேட்க வேண்டும்: இரண்டு வருடம் இருக்கிறேன், சீசனிலும் காலி செய்யமாட்டேன், அதற்கு இவ்வளவு குறையுங்கள். வாடகையில் மசியாதவர்கள் சன்னல் மாற்றித் தருவதில் மசிவார்கள். எனக்கு அதுவே போதும்.

பொருட்களுக்குக் காப்பீடு வேண்டுமா?

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு. உங்கள் கட்டிலுக்கும் கணினிக்கும் அல்ல. தனியாக எடுப்பதென்றால் வெள்ளம் சேருமா என்று கேட்டு எடுங்கள். பல பாலிசிகளில் சேராது. புயல் அறிவிப்பு வந்த பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில்கூட பொதுவாக 30 நாள் கழித்தே பாதுகாப்பு தொடங்கும்.

சாவி கைக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

சாமான்களை உள்ளே கொண்டுபோகாதீர்கள். காலி வீட்டை ஒவ்வொரு அறையாகக் காணொளி எடுங்கள். கூரை, சன்னல் கீல்கள், குளியலறை மூலைகள், ஏசியின் வெளிப்பெட்டி, பால்கனிக் கம்பி, மீட்டர் காட்டும் எண். எடுத்ததை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பி, “இன்று வீடு இந்த நிலையில் இருந்தது” என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் “சரி” என்று பதில் போட்டால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் போடாவிட்டாலும் நீங்கள் அனுப்பிய தேதி அதில் இருக்கும். பிறகு கீல்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கட்டிலை ஏற்றுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்று போகட்டும்.